பன்னிரண்டாவது நட்டு

1

இந்தக் கதை ஒரு நன்றிக் குறிப்பாகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் புல்தரை விமானத் தளத்துக்கென்று மாதம் ஒருமுறை இரண்டு பக்கச் செய்தித்தாள் வரும். பழைய டயர் விற்பனைக்கு, மூன்றாம் கொட்டகைக் கதவு கீச்சிடுகிறது யாராவது எண்ணெய் விடவும், இந்த மாதிரிச் சங்கதிகள். வென்டெல் ஹாகன் கட்டிய விமானம் முதல்முறை பறந்ததும், அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எனக்கு விமானம் கிடையாது. ஓட்டவும் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக விஸ்கான்சினில் ஒரு சீஸ் தொழிற்சாலையில் பாலைச் சோதிக்கிற வேலை. சனிக்கிழமையானால் காபிக்கும் வம்புக்கும் தளத்துக்கு வந்துவிடுவேன். செங்கோடன் என்ற என் பெயரை முதல் வாரமே 'செங்' என்று நறுக்கிவிட்டார்கள். எழுதுகிறவன் என்ற கெட்ட பெயரும் அங்கே எனக்கு உண்டு.

அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அச்சிலும் வந்தது. 'காலஞ்சென்ற நண்பர் டுவேன் கோல்ஸ்டாட் உருவாக்கிய எஞ்சினைப் பொருத்தி வென்டெல் தன் விமானத்தை முடித்தார். எஞ்சினை அன்பளிப்பாகத் தந்த திருமதி ஐரிஸ் கோல்ஸ்டாடுக்கு நம் நன்றி.' இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. நடந்தது எதுவும் இதில் இல்லை என்பதுதான் குறை. அது உறுத்திக்கொண்டே இருந்ததால் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

'வானத்தில் பறக்க வேண்டும் என்ற மனிதனின் ஆசை ஆதிகாலம் தொட்டே—' (வேண்டாம். வென்டெலிடம் இதைச் சொன்னால் முகத்துக்கு நேரே சிரிப்பான்.)

'பால் லாரி ஓட்டுகிற ஒருவன் ஒருநாள் தன் கார் ஷெட்டில் இறக்கை செய்யத் தொடங்கினான், ஏனென்றால்—' (ஏனென்று அவனுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?)

'எஞ்சின்தான் தகராறு.'

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

எஞ்சின்தான் தகராறு. மரச்சட்டம் அடித்து, துணி போர்த்தி, இரண்டு பேர் தோளோடு தோள் இடிக்க உட்காரும் ஒரு விமானத்தை ஒன்பது வருடத்தில் வென்டெல் முடித்துவிட்டான். மூக்கு மட்டும் மொட்டையாக இருந்தது. விமானத்துக்கென்றே செய்த எஞ்சின் அவன் சக்திக்கு எட்டாது. கார் எஞ்சினை எடுத்து மாற்றிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் தளத்தில் பாதிப் பேர் செய்கிற காரியம் அது.

ஆனால் எந்தக் கார்? எங்கள் தளத்தில் நீங்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாலும், தேவாலயத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். எந்தக் கார் எஞ்சின் என்று வாயைத் திறந்தீர்களோ, காபிக் கோப்பைகள் மேசையில் ஓங்கி வைக்கப்படும்.

"ஃபோக்ஸ்வேகன் போடுப்பா. சின்ன எஞ்சின், எடை கம்மி, காத்துலயே ஆறிக்கும்."

"ரெண்டு பேர் ஏறினா எப்படித் தூக்கும்? இவன் ஒருத்தனே ரெண்டு ஆள் எடை."

"அப்ப சுபாரு."

"தண்ணி, ரேடியேட்டர், கியர் பொட்டி. அத்தனையும் மூக்குல கட்டினா வாலு மேல போயிடும்."

"பேசாம பட்டமா விட்டுடு வென்டெல். கயிறு நான் தர்றேன்."

வென்டெல் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வான். முப்பது வருடம் பனியில் பால் லாரி ஓட்டியவன், அவசரப்பட்டு எதையும் செய்து பழக்கமில்லை. கொட்டகைச் சுவரில் ஒரு பிளைவுட் பலகையை அடித்து, ஒவ்வொரு எஞ்சினுக்கும் எடை எவ்வளவு, பலம் எவ்வளவு என்று பென்சிலால் எழுதினான். அழித்தான். மறுபடி எழுதினான். இரண்டு குளிர்காலம் இப்படியே போயிற்று.

அவன் மனதில் இருந்தது மூன்றாவது ஒன்று. கார்வேர் என்று அறுபதுகளில் ஒரு கார் வந்ததே, அதன் எஞ்சின். ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். காற்றிலேயே குளிரும், பல்சக்கரம் எதுவும் இடையில் இல்லாமல் நேராகப் புரொப்பெல்லரைச் சுற்றும். இரண்டு பேரைச் சிரமமில்லாமல் தூக்கும். ஆனால் கட்டுகிறவன் கை சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் தளத்தில் அப்படிப்பட்ட கை ஒன்றே ஒன்றுதான், அது டுவேனுடையது.

டுவேன் டிராக்டர் மெக்கானிக். ஆறு வருடமாக ஒரு கார்வேர் எஞ்சினை நுணுக்கி நுணுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, இவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்குவார். ரெஞ்ச் 'டக்'கென்றால் இறுக்கம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நட்டிலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் சிவப்புப் பெயின்ட்டால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பார். பின்னால் நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இது எல்லா ஊரிலும் செய்கிறதுதான். எங்கள் தளத்தில் அதற்கு ஒரு படி மேலே மரியாதை உண்டு: கோடு என்றால் கையெழுத்து. ஒருவன் கோடு போட்டு மூடிய எஞ்சினை இன்னொருவன் திறப்பதில்லை. கோடு இல்லாத நட்டு முறுக்காத நட்டு, அப்படி ஒன்று வந்தால் அடியிலிருந்து பிரித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இரண்டும் யாரும் எழுதி வைக்காத சட்டம்.

எஞ்சினை முடித்த டுவேன் அதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. அக்டோபரில் மாரடைப்பில் போய்விட்டார்.

3

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஐரிஸ் கோல்ஸ்டாட் தன் பிக்கப் வண்டியின் பின்னால் எஞ்சினை ஏற்றிக்கொண்டு தளத்துக்கு வந்தாள்.

'கணவன் விட்டுச்சென்ற கடைசிப் பொருளை அன்பு ததும்பத் துடைத்துத் துடைத்து—' (இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். ஏன் என்று பின்னால் தெரியும்.)

தார்ப்பாயை விலக்கியதும் எல்லோரும் விசிலடித்தார்கள். எஞ்சின் பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

"இதை இரும்புக் கடையில போடறதுக்கா டுவேன் ஆறு வருஷம் செஞ்சாரு?" என்றாள் ஐரிஸ். "நீ பறக்க வை, வென்டெல்."

"ஐரிஸ், இது... நான் எப்படி உங்ககிட்ட..."

"எப்படின்னா நாலு போல்ட்டு போட்டு. அதையும் நான்தான் சொல்லணுமா?"

(அவர்கள் பேசுகிற மொழியில் நீ, நீங்க எல்லாம் ஒன்றுதான். நான்தான் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஐரிஸ் வென்டெலைவிட ஏழு வயது மூத்தவள். அவள் வீட்டு வாசலில் நின்றாலே அவன் தொப்பியைக் கழற்றிவிடுவான். அவன் வாயில் 'நீங்க' போடாவிட்டால் எனக்கே பாவமாக இருக்கும்.)

எல்லோரும் கை தட்டினார்கள். வென்டெலும் தட்டினான். தட்டிக்கொண்டே குனிந்து எஞ்சினைப் பார்த்தவன் முகம் மாறியது. ஒரு நட்டிலும் கோடு இல்லை.

இரண்டு வாரம் அவன் அதைத் தொடவில்லை. எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிரித்தால், டுவேன் வேலையில் நம்பிக்கையில்லை என்று தளம் முழுக்கச் சொன்ன மாதிரி ஆகும். அதைவிட, ஆசையாகத் துடைத்துக் கொண்டுவந்த ஐரிஸிடம், நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று சொன்ன மாதிரி ஆகும். பிரிக்காவிட்டால், யாரும் சாட்சி சொல்லாத நட்டுகளை நம்பி உயிரைக் கட்டித் தொங்கவிட வேண்டும்.

"கோடு இல்ல, செங்," என்றான் என்னிடம்.

"டுவேன் முறுக்காம விட்டிருப்பாரா?"

"விடமாட்டாரு. எனக்குத் தெரியும். ஆயிரம் அடி உயரத்துல எஞ்சினுக்கும் தெரியணுமே."

மறு சனிக்கிழமை பலகையில் ஃபோக்ஸ்வேகனுக்கு நேரே புதிதாக ஒரு டிக் விழுந்திருந்தது. 'கார்வேர் எடை அதிகம்' என்று ஐரிஸிடம் சொல்லிவிடப் போகிறானாம். பொய் சொல்லத் தெரியாதவன் இரண்டு வாரம் யோசித்துக் கண்டுபிடித்த பொய் அது.

இந்த இடத்தில் கதைக்கு மூன்று வழி இருந்தது. ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன்.

(அ) அவன் பிரிக்கவில்லை. 'ஜூன் மாதக் காலை. வென்டெல் தரையை விட்டு எழும்பினான். நானூறு அடியில்—' அதோடு நிறுத்திவிட்டேன். மைனஸ் இருபத்தைந்து டிகிரிக் குளிரில் என் கார் பேட்டரி செத்துக் கிடந்தபோது லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தவன் அவன். அவனைச் சோளக்காட்டில் கொண்டுபோய் விழவைக்க எனக்குக் கை வரவில்லை. இலக்கியத்துக்கு நஷ்டம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

(ஆ) பொய் சொல்லி எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கிறான். ஐரிஸ் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். கதையும் அவளோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

(இ) நடந்தது.

4

நடந்தது இது. பொய்யைச் சொல்லத்தான் வென்டெல் ஐரிஸ் வீட்டுக்குப் போனான். சமையலறை மேசையில் அவள் லெஃப்சா என்கிற மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவி, சுருட்டி, தட்டில் வைத்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்குப் பொய் மறந்துவிட்டது.

"கோடு எல்லாம் போயிடுச்சு, ஐரிஸ்."

"எந்தக் கோடு?"

"நட்டு மேல. டுவேன் போடுவாரே, சிவப்பா."

"அடக் கடவுளே! அழுக்குன்னு நெனச்சுட்டேன். கெடுத்துட்டேனா?"

"ஐயையோ, கெடுக்கல. ஆனா கோடு இல்லாம..."

"மறுபடி முறுக்கணும். அவ்வளவுதானே?"

"அடியிலேர்ந்து பிரிக்கணும். டுவேன் மேல எனக்கு நம்பிக்கை இல்லாத மாதிரி..."

"டுவேன் மேல என்னடா சந்தேகம்? என் கை பண்ண வேலை இது. தளத்துல எவனாவது கேட்டா அப்படியே சொல்லு. கிழவி தேய்ச்சு வச்சுட்டா, எனக்கு வேற வழியில்லன்னு சொல்லு."

 வென்டெல் நன்றி, நன்றி என்று மூன்று தடவை சொல்லி, மூன்று லெஃப்சா தின்றுவிட்டு வந்தான். இவ்வளவையும் அவனே என்னிடம் சொன்னான்.

(எழுதும்போதே இந்த ஐரிஸ் மேல் எனக்குச் சந்தேகம். முப்பத்தொரு வருடம் மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியவள் 'எந்தக் கோடு' என்று கேட்பாளா? ஆனால் வெகுளியான பெண் ஒருத்தி கதையில் இருந்தால் கதாசிரியனுக்கு வேலை குறைவு. விட்டுவிட்டேன்.)

5

மார்ச் மாதம், சனிக்கிழமை மதியம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டு அடித்தட்டைக் கழற்றினான் வென்டெல். நான் விளக்குப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த விமானத் தொழில் அவ்வளவுதான்.

உள்ளே ஆறு கனெக்டிங் ராடு. பிஸ்டனின் வேகத்தையெல்லாம் வாங்கித் தண்டைச் சுற்றுகிறவை அவைதான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டு, மொத்தம் பன்னிரண்டு. ஐரிஸின் கை இவ்வளவு உள்ளே எட்டவில்லை. பன்னிரண்டிலும் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

"பாருய்யா," என்றான் வென்டெல். குரல் இளகியிருந்தது. "எப்படி இழுத்திருக்காரு பாரு. ஸ்கேல் வச்ச மாதிரி."

அங்கேயே மூடியிருக்கலாம். கோடுதான் இருக்கிறதே. ஆனால் வெளியே கோடு போன எஞ்சினை அடியிலிருந்து முறுக்குவது என்று எடுத்த முடிவை அவன் மாற்றுகிற ஆள் இல்லை. ரெஞ்ச்சை வைத்தான். டக். அடுத்தது, டக். பதினொன்று வரைக்கும் வரிசையாக டக், டக் என்று வந்தது.

பன்னிரண்டாவது பேசவில்லை. நட்டு சுற்றியது.

ரெஞ்ச்சை எடுத்துவிட்டு இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான். பாட்டில் மூடி மாதிரி சுற்றியது. கோடு, முன்னால் இருந்த இடத்திலிருந்து இரண்டாக உடைந்து விலகிப் போயிற்று.

"கோடு இருந்துச்சு," என்றான். மறுபடியும், "கோடு போட்டிருக்காரு, செங். முறுக்கல."

"இப்படியே ஓட்டியிருந்தா?"

"எழும்பற வரைக்கும் தாங்கியிருக்கும். புல்தரை முடிவுல இருக்கற மரத்தைத் தாண்டியிருக்காது."

  ஐரிஸ் மட்டும் துடைக்காமல் இருந்திருந்தால், வெளியே வரிசையாகக் கோட்டைப் பார்த்துவிட்டு, இவன் தொப்பியைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டு அப்படியே மாட்டியிருப்பான். சத்தியமாக மாட்டியிருப்பான்.

நட்டை முறுக்கினான். டக். டுவேனின் உடைந்த கோட்டை அழிக்காமல், பக்கத்தில் தன் கோட்டைப் போட்டான்.

"இது இந்தக் கொட்டகையை விட்டு வெளிய போகக் கூடாது. முக்கியமா ஐரிஸுக்கு," என்றான்.

சாயங்காலமே அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்: "எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு. டுவேன்னா டுவேன்தான்." இந்தப் பொய்யை யோசிக்காமலேயே சொன்னானாம்.

ஏப்ரலில் விமானத்தின் வாலை அவன் லாரியில் கட்டிப்போட்டு, நின்ற இடத்திலேயே பத்து மணி நேரம் எஞ்சினை ஓட்டினோம். ஜூனில் பறந்தான்.

6

ஆகஸ்டில் ஐரிஸ் வீட்டுக்குப் போனேன். அவளைப் பற்றி எழுதுகிறேன், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டாமா? அவள் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். முதல் நான்கு பகுதிகளையும் அவளுக்குப் புரிகிற மொழியில் சொன்னேன். ஐந்தாவதைச் சொல்லவில்லை.

முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னை முட்டாளாக்கி வச்சிருக்க."

"எங்க?"

"அந்தச் சிவப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"பெயின்ட்டு..."

"பெயின்ட்டாம்! என் நகப்பூச்சு. மூடி இறுக்கமா இருக்கணும், பிரஷ் மெல்லிசா இருக்கணும்னு கேட்பாரு. கடை கடையா ஏறி வாங்கிட்டு வந்தது நான். என்னைப் போய் எந்தக் கோடுன்னு கேட்க வச்சிருக்க."

"நீங்க அப்படிக் கேட்டதா வென்டெல்தானே சொன்னான்?"

"கேட்டேன். நடிக்கத் தெரியாதா எனக்கு?"

(இரண்டாம் பகுதியில் 'சிவப்புப் பெயின்ட்' என்று எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை. என் அசட்டுத்தனத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும்.)

பீன்ஸை ஓரமாகத் தள்ளினாள்.

"போன வருஷம் வசந்தத்துலேர்ந்தே அவருக்கு மறதி, செங். சட்டைப் பொத்தானை மாத்திப் போடுவாரு. காபித் தூளை ரெண்டு தடவை போடுவாரு. ஒரு நாள் ஷெட்டுல, கையில குப்பியோட நின்னுட்டிருந்தாரு. 'முறுக்கிட்டுக் கோடு போட்டேனா, முறுக்கணும்னு நெனச்சுட்டே கோடு போட்டுட்டேனா, ஐரிஸ்?'னு கேட்டாரு. முறுக்கிட்டீங்கன்னு சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? அவர் முகத்தைப் பாக்க முடியல, சொல்லிட்டேன்."

ஐரிஸ் பீன்ஸ் நாரை விரலில் சுற்றிக்கொண்டே மேலே சொன்னாள்.

"அவர் போனதும் அந்த எஞ்சினைத் தூக்கிப் போடவும் மனசு வரல, அப்படியே குடுக்கவும் பயம். டுவேனுக்கு மறதின்னு தளத்துல போய்ச் சொல்ல முடியுமா? நட்டை இவ்வளவு முறுக்கலாமான்னு அத்தனை பேரும் அவரைத்தானே வந்து கேட்பாங்க. கோடு இல்லன்னா வென்டெல் பிரிச்சுடுவான். அவன் அப்படிப்பட்ட பையன். அதான் ஒரு நாள் முழுக்க உக்காந்து, பல் தேய்க்கற பிரஷ் வச்சு, ஒண்ணு விடாம எடுத்தேன்."

"பெரிய வேலை பண்ணியிருக்கீங்க," என்றேன். வேறு என்ன சொல்ல?

"தேவையே இல்லாம போச்சு பாரு. எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சுன்னு அவன் வந்து சொன்னான். கதவைச் சாத்திட்டு அழுதேன். கடைசி நட்டு வரைக்கும் அவர் தப்பு பண்ணல, செங். நான்தான் அவரைச் சந்தேகப்பட்டிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சந்தோஷமா இருக்கு. நெஜமாவே. வென்டெல் வந்து அதைச் சொன்னதுக்கு அவனுக்கு நான் என்ன செஞ்சாலும் தகும். ஆனா நான் வேணும்னே துடைச்சேன்னு அவனுக்குத் தெரிய வேணாம். எழுதித்தான் ஆகணும்னா உங்க பாஷையில எழுதிக்கோ. இங்க எவன் படிக்கப் போறான்?"

7

படிக்கிறவர் நீங்கள்தான். எனவே இப்போது உங்களுக்கும் தெரியும்.

வென்டெல் ஐரிஸுக்கு நன்றியோடு இருக்கிறான், அவள் தெரியாமல் செய்த ஒரு தப்புக்காக. ஐரிஸ் வென்டெலுக்கு நன்றியோடு இருக்கிறாள், அவன் கொண்டுவந்த ஓர் உண்மைக்காக. அது தப்பும் இல்லை, இது உண்மையும் இல்லை. இரண்டு நன்றியும் போய்ச் சேர வேண்டிய ஆளிடம்தான் சேர்ந்திருக்கின்றன. எனக்கு இருவரிடமும் நன்றி: ஒருவன் உயிரோடு இருப்பதற்காக, ஒருத்தி அவனை உயிரோடு வைத்ததற்காக.

ஐரிஸிடம் சொல்லிவிடலாமா என்று தினமும் யோசிக்கிறேன். சொன்னால், தான் ஓர் உயிரைக் காப்பாற்றினோம் என்று தெரிந்துகொள்வாள். கூடவே, அன்றைக்கு ஷெட்டில் 'முறுக்கிட்டீங்க' என்று தான் சொன்னது எந்த நட்டைப் பற்றி என்றும் தெரிந்துகொள்வாள். அவள் வேண்டுமென்றே துடைத்ததை வென்டெலிடம் சொல்லலாமா? அவன் நேராக அவள் வீட்டுக்குப் போய், தொப்பியைக் கழற்றி, எதிரே நின்று அழுவான். அப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

முடிவை இப்படி எழுதினேன்: 'கடைசியில் ஒருநாள் ஐரிஸ் வென்டெலைப் பார்த்து—' அடித்துவிட்டேன். 'கடைசியில் ஒருநாள் வென்டெல் ஐரிஸிடம்—' அதையும் அடித்துவிட்டேன்.

இன்று வியாழன். சட்டப்படி வென்டெல் தனியாகப் பறந்தாக வேண்டிய நாற்பது மணி நேரம் நேற்றோடு முடிந்தது. இனி பக்கத்தில் ஒருவரை ஏற்றலாம். வருகிற சனிக்கிழமை காலை, காற்று இல்லாவிட்டால், முதல் ஆளாக ஐரிஸ் ஏறுகிறாள்.

தோளோடு தோள் இடிக்கிற இடம் அது. காதில் ஆளுக்கொரு ஹெட்போன், வாய்க்கு நேரே மைக். முக்கால் மணி நேரம் மேலே இருப்பார்கள். ஆயிரத்தைந்நூறு அடியில் வைத்து அவன் சொல்லலாம், அவள் சொல்லலாம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து 'நீங்க சொல்லுங்க', 'நீ சொல்லு' என்று தடுமாறலாம். ஒன்றுமே பேசாமல் ஆற்றையும் சோளத்தையும் பார்த்துவிட்டு இறங்கலாம். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கு அவர்கள்மேல் அன்பு இருந்தால் சரியாகவே எழுதுவீர்கள். நான் தரையில் நிற்பேன். அங்கே எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.